ஆறே ஆறு ஜோடி கிளவுஸ்

கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலியாவில் பதினைந்து வருஷம் மாநில அணிக்குக் கீப்பிங் செய்துவிட்டு, ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் ஓய்வு பெறுகிறவர் திரும்பிப் பார்த்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? விக்டோரியாவின் டேரன் பெர்ரி போன்ற ஒருவருக்கு ஏன் வாய்ப்பே வரவில்லை? திறமை போதவில்லையா, இல்லை அரசியலா?"

சுருக்கமாகச் சொன்னால், பெர்ரி பிறந்த வருஷம் தப்பு. அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் ஒரு நாட்டின் கீப்பிங் வரலாறே இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. சென்னையில் கீழ் டிவிஷன் லீக்கில் சில வருஷம் கீப்பிங் செய்தேன். பிறகு வேலைக்காக மெல்போர்ன் வந்து, சனிக்கிழமை கிளப் ஆட்டங்களில் முழங்கால் ஒத்துழைத்தவரை ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் நேராக நிற்காது. ஷீல்டு என்னும் மாநில அணிகளின் ஆட்டம் பார்ப்பது பழக்கமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். ஆஸ்திரேலிய உள்ளூர் கிரிக்கெட் என்றால் ஷெஃபீல்டு ஷீல்டு. நம் ரஞ்சிக் கோப்பை மாதிரி முப்பத்துச் சொச்சம் அணிகள் அங்கே கிடையாது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா மூன்றும் 1892-93 பருவத்தில் தொடங்கின. குயின்ஸ்லாந்து 1926-27-ல் சேர்ந்தது, மேற்கு ஆஸ்திரேலியா 1947-48-ல், டாஸ்மேனியா 1977-78-ல். இன்றுவரை அந்த ஆறுதான். ஓர் அணியில் ஆறு பேட்ஸ்மேன் ஆடலாம், நாலு பவுலர் ஆடலாம், கீப்பர் ஒருவர்தான். ஆக, ஒரு கண்டம் முழுக்கத் தேடினாலும் மொத்தம் ஆறு ஜோடி கிளவுஸ். அந்த ஆறு பேருக்கும் மேலே இருப்பது ஒரே ஒரு நாற்காலி.

அந்த நாற்காலியில் 1988 செப்டம்பரில் இயன் ஹீலி உட்கார்ந்தார். 119 டெஸ்ட் ஆடிவிட்டுத்தான் எழுந்தார். 1999 நவம்பரில் ஆடம் கில்கிறிஸ்ட் வந்தார். 2008 ஜனவரி வரை 96 டெஸ்ட், இடையில் ஒன்றைக்கூட விடாமல். நடுவே 1994-ல் பாகிஸ்தான் பயணத்தில் ஹீலியின் கட்டைவிரல் முறிந்தது. அதனால் லாகூரில் நியூ சவுத் வேல்ஸ் கீப்பர் ஃபில் எமரிக்கு ஒரு டெஸ்ட் கிடைத்தது. கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய இருபது வருஷத்தில் 216 டெஸ்ட், மூன்றே கீப்பர்கள். அதிலும் ஒருவருக்கு ஒன்றுதான்.

பெர்ரி பிறந்தது 1969 டிசம்பர். ஹீலியைவிட ஐந்தரை வயது இளையவர், கில்கிறிஸ்டைவிட இரண்டு வயது மூத்தவர். இதைவிட மோசமான இடத்தில் ஒரு கீப்பர் பிறக்கவே முடியாது. ஹீலி ஓய்வு பெற்றபோது பெர்ரிக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது. அதற்குள் கில்கிறிஸ்ட் இரண்டு வருஷமாக ஒரு நாள் அணியின் கீப்பர். வந்த இரண்டாவது டெஸ்டிலேயே, ஹோபார்ட்டில் பாகிஸ்தானுக்கு எதிராக 369 ரன்னைத் துரத்தும்போது, ஆட்டமிழக்காமல் 149 அடித்தார். அன்று சாயங்காலமே ஐந்து மாநிலங்களில் ஐந்து கீப்பர்கள் தங்களுக்குக் கதவு மூடியதைப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

பெர்ரியின் பேட்டிங் சராசரி இருபதைச் சற்றே தாண்டியது. அதைக் காட்டித்தான் "பேட்டிங் போதவில்லை, அதனால்தான் எடுக்கவில்லை" என்பார்கள். பாதி உண்மை. கில்கிறிஸ்டுக்கு முந்தைய உலகத்தில், கீப்பர் அந்த அளவு அடித்தாலே வண்டி ஓடியது. பெர்ரி கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஒரே தப்பு, கீப்பிங்குக்காகவே கீப்பரை எடுத்த கடைசித் தலைமுறையில் மிகச் சிறந்தவராக இருந்தது. முதல்தர ஆட்டங்கள் 150-க்கும் மேல், ஸ்டம்புக்குப் பின்னால் 600-க்கும் மேற்பட்ட விக்கெட். தேசிய அணிக்கு மிக அருகில் போனது 1997-ல். இங்கிலாந்துப் பயணத்தில் மாற்றுக் கீப்பராக இருந்த கில்கிறிஸ்டுக்கு முழங்காலில் அடிபட்டதும் பெர்ரியை அணியில் சேர்த்தார்கள். ஹீலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு முடிந்தது.

சரி, "மிகச் சிறந்த கீப்பர்" என்கிறோமே, அதை எதை வைத்துச் சொல்கிறோம்? தொலைக்காட்சியில் நமக்குத் தெரிவது பாய்ந்து பிடித்த கேட்சும் விட்ட கேட்சும்தான். உண்மையான வேலை வேறு இடத்தில் நடக்கிறது.

ஒரு பந்தை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். லெக் ஸ்பின்னர் வீசுகிறார், பேட்ஸ்மேன் வலது கைக்காரர், பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே காலடித் தடங்களில் விழப்போகிறது. கீப்பர் ஸ்டம்பை ஒட்டிக் குந்தியிருக்கிறார். பந்து பாதி வழி வரும்வரை அவருக்குத் தெரிகிறது. அப்புறம் பேட்ஸ்மேனின் முன்னங்கால், இடுப்பு, மட்டை எல்லாம் நடுவில் வந்து மறைத்துவிடும். பந்து தரையில் படும் கணத்தில் கீப்பர் குருடன். பவுலரின் மணிக்கட்டில் கடைசியாகப் பார்த்ததை வைத்து, எங்கே விழும், எவ்வளவு திரும்பும், எவ்வளவு எழும் என்று உடம்பே கணக்குப் போட வேண்டும். முன்கூட்டியே எழுந்துவிட்டால் தாழ்ந்து வரும் பந்து கிளவுஸுக்கு அடியில் போகும். தாமதமாக எழுந்தால் நெஞ்சில் வாங்க வேண்டியதுதான். பந்தோடு சேர்ந்து எழ வேண்டும், ஒரு அங்குலம்கூட முந்தாமல்.

நான் இதை ஒரு சனிக்கிழமை மெல்போர்ன் புறநகர்ப் பூங்கா மைதானம் ஒன்றில் கற்றுக்கொண்டேன். எங்கள் அணியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் நன்றாக லெக் ஸ்பின் போடுவான். அவன் போட்ட ஒரு பந்தில் பேட்ஸ்மேன் இறங்கி வந்து கோட்டை விட்டார். கிரீஸிலிருந்து ஒரு கஜம் வெளியே நிற்கிறார். நான் ஆசையில் அரை நொடி முன்னால் எழுந்துவிட்டேன். பந்து என் விரல் நுனியில் பட்டு ஃபைன் லெக் பக்கம் போனது. சுண்டுவிரல் வளைந்தது அன்றைக்குத்தான். அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஓவரிலிருந்து பந்தைத் தூக்கிப் போடுவதை நிறுத்திவிட்டு வேகமாகத் தட்டிவிட ஆரம்பித்தான். எனக்கு வலித்தது விரல் இல்லை, அதுதான். கீப்பர் மேல் நம்பிக்கை போனால் ஸ்பின்னர் தன் பந்தையே மாற்றிக்கொள்கிறான். அது எந்த ஸ்கோர்கார்டிலும் வராது.

இப்போது இதே இடத்தில் பெர்ரியை வையுங்கள். பந்துவீசுகிறவர் ஷேன் வார்னே. 1991 பிப்ரவரியில் வார்னே விக்டோரியாவுக்காக முதல் ஆட்டம் ஆடியபோது, அவர் பந்துகளைப் பிடிக்க மாநில அணியில் இருந்தவர் பெர்ரி. லெக் பிரேக், கூக்ளி, தரையோடு வழுக்கி வரும் ஃப்ளிப்பர் என்று உலகமே கண்டுபிடிக்கத் திணறிய பந்துகளை, பேட்ஸ்மேனுக்கும் பின்னால் உட்கார்ந்து படிக்க வேண்டிய வேலை. 2008-ல் ஐ.பி.எல். தொடங்கி வார்னே ராஜஸ்தான் ராயல்ஸ் கேப்டனானபோது, பயிற்சிக் குழுவில் பெர்ரியும் இருந்தார். நம்பிக்கை என்று நான் சொன்னது இந்த மாதிரிக் கணக்கு.

மாநிலத்துக்கு மாநிலம் வேலையும் மாறும். பெர்த்தின் வாகா ஆடுகளத்தில் வளர்ந்த கீப்பர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நின்று, பந்தை நெஞ்சு உயரத்தில், விரல்கள் மேலே பார்த்திருக்க வாங்கிப் பழகியவர். பேட்ஸ்மேனைத் தாண்டிய பிறகும் பந்து காற்றில் ஆடும். சிட்னிக்காரருக்கு ஸ்பின்னர்களோடு ஸ்டம்பை ஒட்டிய பொழுது அதிகம். பிரிஸ்பேனில் காலையில் ஸ்விங், மதியம் எகிறல். ஒரு பருவத்தில் பத்து ஷீல்டு ஆட்டம், ஒவ்வொன்றும் நாலு நாள். ஒரு நாளைக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் ஓவர் என்றால் ஏறக்குறைய அறுநூறு முறை குந்தி எழ வேண்டும். பந்து வராவிட்டாலும் எழத்தான் வேண்டும். நம் ஊர்த் தோப்புக்கரணம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அடுத்து விரல்கள். ஆஸ்திரேலியக் கீப்பர்களின் வரலாற்றை எக்ஸ்ரே படங்களை மட்டும் வரிசையாக வைத்தே எழுதிவிடலாம். ஹீலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ல் பாகிஸ்தான் பயணத்துக்கு அவரை எடுத்தபோது அவர் ஆடியிருந்தது ஆறே முதல்தர ஆட்டம். குயின்ஸ்லாந்தின் முதல் கீப்பர் பீட்டர் ஆண்டர்சன் காயமடைந்ததால்தான் அவையும் கிடைத்தன. தன் மாநிலத்திலேயே இரண்டாவது கீப்பராக இருந்தவர் ஒரே தாவலில் நாட்டின் கீப்பராகி, பதினோரு வருஷம் அசையவில்லை. ஆண்டர்சன் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் முதலில் எது ஞாபகம் வரும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

கிரஹாம் மானுவின் கதை இதற்கு நேர் எதிர். தெற்கு ஆஸ்திரேலியாவின் கீப்பர். 2009 ஆஷஸில், எட்ஜ்பாஸ்டனில் டாஸ் போட்டு அணிப் பட்டியலும் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பயிற்சியில் டெஸ்ட் கீப்பர் பிராட் ஹாடினின் விரல் முறிந்தது. விதிப்படி ஆளை மாற்ற எதிரணிக் கேப்டனின் சம்மதம் வேண்டும். ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் சரி என்றார். சில நிமிட அவகாசத்தில் மானு டெஸ்ட் வீரரானார். அவர் ஆடியது அந்த ஒரு டெஸ்ட்தான். ஆனாலும் எண் போட்ட அந்தப் பச்சைத் தொப்பி அவர் வீட்டில் இருக்கும், பெர்ரி வீட்டில் இருக்காது. இருவரில் யார் பெரிய கீப்பர் என்ற கேள்விக்கும் அந்தத் தொப்பிக்கும் சம்பந்தமே இல்லை.

ஹாடினுக்கும் விரலின் அருமை நன்றாகவே தெரியும். கில்கிறிஸ்ட் எழுந்து போகும்வரை காத்திருந்து, முப்பது வயதில் 2008 மே மாதம் கிங்ஸ்டனில் முதல் டெஸ்ட் ஆடினார். அந்த ஆட்டத்திலேயே விரல் முறிந்தது. ஆனாலும் வெளியே போகாமல் அந்தத் தொடர் முழுக்க முறிந்த விரலோடு கீப்பிங் செய்தார். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். எமரிக்கு லாகூர் டெஸ்ட் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தவர் வேறு என்ன செய்வார்?

டிம் பெயின் கதைதான் இவற்றில் உச்சம். 2010-ல் ஹாடின் காயமடைய, இருபத்தைந்து வயதில் நாலு டெஸ்ட் ஆடினார். மொகாலியில் 92 அடித்தார். அடுத்த பத்து வருஷத்துக்கு இவர்தான் என்று எல்லாரும் எழுதினார்கள். அந்த நவம்பரில் பிரிஸ்பேனில் ஒரு காட்சி ஆட்டம். டிர்க் நானஸ் வீசிய பந்து, மட்டையைப் பிடித்திருந்த வலது ஆள்காட்டி விரலை நசுக்கியது. ஏழு அறுவை சிகிச்சை. உலோகத் தகடு, ஊசிகள், இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்த ஒரு துண்டு. 2017-ல் அவர் சொந்த மாநிலமான டாஸ்மேனியாவிலேயே கிளவுஸ் மேத்யூ வேடின் கையில் இருந்தது. கிரிக்கெட்டை விட்டுவிட்டு, பந்தும் மட்டையும் தயாரிக்கும் கூக்கபுரா நிறுவனத்தில் வேலைக்குப் போக ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார். அந்த நவம்பரில் ஆஷஸ் அணியில் அவர் பெயர் வந்தது. நாலு மாதத்தில், பந்தைச் சுரண்டிய விவகாரத்துக்குப் பிறகு, கேப்டனும் ஆனார். ஏழு வருஷ இடைவெளி. இந்தக் கதையை யாராவது கற்பனையாக எழுதிக் கொடுத்தால் "இதெல்லாம் நம்புகிற மாதிரி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆறு இடம்தான் என்பதால் இன்னொரு வினோதம் நடக்கும்: ஊர் விட்டு ஊர் போவது. கில்கிறிஸ்ட் நியூ சவுத் வேல்ஸ் பையன். அங்கே எமரி இருந்ததால் வெறும் பேட்ஸ்மேனாகத்தான் ஆட முடிந்தது. 1994-ல் பெர்த்துக்குப் போனார். அங்கே டிம் ஸோரர் பல வருஷமாகக் கீப்பர், உள்ளூர்க்காரர்களின் செல்லப்பிள்ளை. அவரை உட்கார வைத்துவிட்டுக் கிழக்கிலிருந்து வந்தவனுக்குக் கிளவுஸைக் கொடுத்ததை வாகா ரசிகர்கள் சுலபத்தில் மன்னிக்கவில்லை. இந்த ஸோரரைச் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் அந்த வெயிலில் டையில் முடிந்த டெஸ்டில் ஸ்டம்புக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். பத்து டெஸ்டோடு கிரெக் டயருக்கு வழிவிட்டார். ஏழெட்டு வருஷம் கழித்துத் தன் மாநிலத்திலும் கில்கிறிஸ்டுக்கு வழிவிட வேண்டியதாயிற்று. 

மேத்யூ வேட், டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் பிறந்தவர். அங்கே பெயின் இருக்கிறார் என்பதால் 2007-ல் விக்டோரியாவுக்குப் போனார். வேட் வந்து அமர்ந்துவிட்டதால் மெல்போர்ன் பையனான பீட்டர் நெவில் சிட்னிக்கு மூட்டை கட்டினார். மகள் உடல்நலத்துக்காக ஹாடின் விலகிக்கொள்ள, 2015-ல் லார்ட்ஸில் நெவில் டெஸ்ட் கீப்பரானார். அடுத்த வருஷம் நெவிலை எடுத்துவிட்டு வேடைக் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த வருஷம் வேடை எடுத்துவிட்டு யாரைக் கொண்டுவந்தார்கள்? பெயினை. பத்து வருஷத்துக்கு முன் யார் இருக்கிறார் என்று வேட் ஊரை விட்டுக் கிளம்பினாரோ, அதே பெயினை! ஊர் மாறிப் பார்த்தும் தீராதவர்கள் நாடே மாறினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் லூக் ராங்கி 2008-ல் ஆஸ்திரேலியாவுக்காக நாலு ஒரு நாள் ஆட்டம் ஆடிவிட்டு, பிறந்த நாடான நியூசிலாந்துக்குத் திரும்பி அங்கே டெஸ்ட் ஆடினார். கில்கிறிஸ்டின் நிழலில் பெர்த்திலேயே கிடந்த ரையன் கேம்ப்பெல், 2016 டி20 உலகக் கோப்பையில் நாக்பூரில் ஹாங்காங்குக்காக ஆடினார். அப்போது வயது 44.

கிரெக் டயரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸ் கீப்பர். 1987 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் இந்தியா ஒரு ரன்னில் தோற்றதே, அந்த ஆட்டத்தில் கீப்பர் இவர்தான். கொல்கத்தா இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக் கேப்டன் மைக் கேட்டிங் ரிவர்ஸ் ஸ்வீப் அடிக்கப்போய் மேலே பறந்த பந்தைப் பிடித்தவரும் இவரே. அதே டிசம்பரில் மெல்போர்னில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட். ஆண்ட்ரூ ஜோன்ஸ் தொட்ட பந்தை லெக் பக்கம் பாய்ந்து பிடித்துத் தூக்கிக் காட்டினார். அவுட் கொடுத்தாகிவிட்டது. பெரிய திரையில் ஓடிய காட்சியில் பந்து தரையில் கிடந்தது தெரிந்தது. சில மாதங்களில் டெஸ்ட் இடம் போனது, அடுத்த பருவத்தோடு மாநில ஆட்டமும் முடிந்தது. பின்னாளில் இவர் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர்கள் சங்கத்தின் தலைவராகி, 2017-ல் வாரியத்தோடு நடந்த ஊதியத் தகராறில் வீரர்கள் பக்கம் நின்றார். டயரின் வாழ்க்கையை அந்த ஒரு கேட்ச்சை வைத்து எடைபோடுகிறவர்கள் இந்தப் பின்பாதியைப் படித்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

ஊதியம் என்றதும் ஒரு விஷயம். அந்தச் சங்கம் 1995-ல்தான் தொடங்கியது. 1997-ல் வேலைநிறுத்த மிரட்டல் வரை போய், 1998 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் மாநில அணி வீரர் என்பது ஒழுங்காகச் சோறு போடும் தொழிலானது. அந்தச் சண்டையின் மையமே தேசிய அணிக்குப் போகாத மாநில வீரர்களின் சம்பளம்தான். பெர்ரியின் வாழ்க்கை சரியாக இந்த மாற்றத்தின் குறுக்கே ஓடியது. அவருக்கு முந்தையவர்கள் வேறு வேலைக்கும் போய்க்கொண்டே ஆடினார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. என்ன மிஞ்சும்?

பெர்ரி முதலில் ஒரு பருவம் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஆடிவிட்டு, 1990-91-ல் சொந்த மாநிலம் திரும்பினார். அந்தப் பருவத்திலேயே விக்டோரியா, மெல்போர்ன் மைதானத்தில் நியூ சவுத் வேல்ஸை வென்று ஷீல்டை எடுத்தது. அதற்கப்புறம் பன்னிரண்டு பருவம் ஒன்றும் இல்லை. 2003-04-ல், பியூரா கோப்பை என்று பெயர் மாறியிருந்த அதே போட்டியில், குயின்ஸ்லாந்தை 321 ரன்னில் வென்று மறுபடியும் சாம்பியன். அத்தோடு பெர்ரி ஓய்வு பெற்றார். இரண்டு வெற்றிக்கும் நடுவில் இருந்த வறட்சி முழுவதையும் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பார்த்தவர் அவர். அப்புறம் பயிற்சியாளரானார், தெற்கு ஆஸ்திரேலியாவை நடத்தினார். வாயடிப்பதில் பேர் போனவர், எதிரணிகளுக்கு அவரைக் கண்டாலே பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் எனக்கும் பிடித்திருக்காது.

குயின்ஸ்லாந்தின் வேட் செக்கோம்பைப் பாருங்கள். 1994-95 இறுதி ஆட்டம், பிரிஸ்பேன். 1926-27-லிருந்து ஆடியும் அந்த மாநிலம் ஒருமுறைகூட ஷீல்டை வென்றதில்லை. எத்தனையோ பெரிய பெயர்கள் வந்து முயன்று தோற்ற இடம். ஹீலி அப்போது ஆஸ்திரேலிய அணியோடு வெஸ்ட் இண்டீஸில். குயின்ஸ்லாந்து 664 ரன் குவித்து, தெற்கு ஆஸ்திரேலியாவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்தபோது ஸ்டம்புக்குப் பின்னால் இருந்தவர் செக்கோம்ப். அந்த ஒரு விஷயத்தில் 119 டெஸ்ட் ஆடிய ஹீலிக்கே செக்கோம்ப் மேல் கொஞ்சம் பொறாமை இருந்திருக்கும் என்பது என் ஊகம். 2001 ஆஷஸ் பயணத்தில் செக்கோம்ப் மாற்றுக் கீப்பராகப் போய், ஒரு டெஸ்டும் ஆடாமல் திரும்பினார். பிறகு அதே குயின்ஸ்லாந்துக்குப் பயிற்சியாளராகி 2020-21-ல் ஷீல்டை வென்று கொடுத்தார். அவருக்கு அடுத்து வந்த கிறிஸ் ஹார்ட்லி 2017 வரை அதே கிளவுஸோடு இருந்தார். ஆறாயிரத்துக்கும் மேல் முதல்தர ரன் அடித்தவர். கில்கிறிஸ்ட் வைத்துவிட்டுப் போன பேட்டிங் அளவுகோலுக்கு ஓரளவு பொருந்தியவர். அவருக்கும் ஆஸ்திரேலியாவுக்காக ஆட வாய்ப்பு வரவில்லை. ஹாடின் இருந்தார், வேட் இருந்தார், நெவில் இருந்தார்.

ஆகவே அரசியல் என்று ஒன்றும் இல்லை. ஹீலியை எடுத்தது தேர்வாளர்கள் துணிந்து ஆடிய சூதாட்டம், பலித்துவிட்டது. பலித்ததை மாற்ற யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. பேட்ஸ்மேன் இரண்டு தொடர் சொதப்பினால் இடம் ஆட்டம் காணும். கீப்பர் சராசரியாகச் செய்தாலே இடம் நிற்கும், கெட்ட நாளுக்கு மன்னிப்பும் கிடைக்கும். 1994-ல் கராச்சியில் ஹீலி ஒரு ஸ்டம்பிங்கைக் கோட்டை விட்டு, அது நாலு ரன்னாகப் போய், பாகிஸ்தான் ஒரு விக்கெட்டில் டெஸ்டை வென்றது. அவர் இடம் அசையவில்லை, அசைய வேண்டியதும் இல்லை. அதே நிழல்தான் வெளியே காத்திருப்பவருக்கு வெயில்.

சில வருஷம் முன்பு ஒரு வேலை நாளில் விடுப்புப் போட்டுவிட்டு செயின்ட் கில்டாவில் இருக்கும் ஜங்ஷன் ஓவலுக்கு ஷீல்டு ஆட்டம் பார்க்கப் போனேன். மொத்தம் நூறு பேர் இருந்திருந்தால் அதிகம். அதனால் கீப்பர் பேசுவது அவ்வளவும் காதில் விழுந்தது. ஒவ்வொரு பந்துக்கும் பவுலரின் பெயரைச் சொல்லி ஏதாவது ஒரு வார்த்தை. ஓவர் மாறும்போது மிட் ஆஃபில் இருந்த சின்னப் பையனுக்கு இரண்டு அடி நகரச் சொல்லிக் கையசைப்பு. தண்ணீர் இடைவேளையில் மற்றவர்கள் கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் எல்லைக் கோட்டருகே உட்கார்ந்து உள்கிளவுஸைக் கழற்றினார். வியர்வையில் ஊறிப் போயிருந்த அதைப் பிழிந்து புல்லில் போட்டார். நடுவிரலிலும் மோதிர விரலிலும் இருந்த பழைய டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டு, புதிதாகச் சுற்றினார். முதலில் தனித்தனியாக, அப்புறம் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று. விரலை மடக்கிப் பார்த்தார். திருப்தி இல்லை, பிரித்து மறுபடி சுற்றினார்.

உங்களுக்கு எப்போதாவது இந்தப் பக்கம் வர வாய்த்தால் போய்ப் பாருங்கள். செயின்ட் கில்டா சாலை டிராமில் ஏறினால் கிட்டத்தட்ட வாசலில் இறக்கிவிடும், ஆட்டத்துக்கு டிக்கெட்டும் கிடையாது. பவுலருக்குப் பின்னாலேயோ பக்கவாட்டிலேயோ உட்காராதீர்கள். கீப்பருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்குப் பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள்.